வாழை: அதன் வரலாறு, வகைகள், ஆகாரப் பயன்

(குயிலாப்பாளையம் முதலிய கடற்கரைக் கிராமங்களின் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கு ஒரு பாடம்)

முக்கனிகளுள் மாவும் பலாவும் பருவம் பார்த்தே பலன் தருவன. வாழை ஒன்றே ஆண்டு முழுவதும் கிடைப்பது. ஏழை வீட்டிலும் செல்வர் வீட்டிலும் ஒருங்கே இடம்பெறுவது. அவ்வளவு பழக்கமான பொருளைப்பற்றிக் கற்கவேண்டியது என்ன இருக்கிறது என்று அங்கத்தினர்கள் நினைத்தல் கூடும். ஆயினும், வாழைக்குக் கடன் கோரும் விண்ணப்பங்களைப் பார்த்தால், "வாழை, ஒரு ஏக்கர்" என்று மட்டுமே எழுதியிருக்கக் காண்கிறோம். எந்த வாழை, எவ்விடத்துக் கன்று, எந்தக் கிணற்று நீர் என்பன அதில் இரா. கடன் தவணையில் திரும்புமா, வட்டிமேல் வட்டியாய் ஏறுமா என்பதைப் பெரும்பாலும் இம்மூன்றுமே நிர்ணயிக்கின்றன. வீட்டில் உண்பதற்கும் இது பொருந்தும். எல்லா வாழைப்பழமும் ஒன்றே என்று எண்ணுகிறவர் காசைக் கொடுத்தும் உரிய பயனைப் பெறார். ஆகையால் வாழை எங்குப் பிறந்தது, எங்ஙனம் பல வகையாயிற்று, எதற்கு எது உதவும் என்பவற்றை இப்பாடத்தில் ஒருவாறு கூறுவோம்.

விதையற்ற பயிர்

வாழையை மரம் என்கிறோம். உண்மையில் அது மரமன்று, மிகப் பெரிய பூண்டு. நாம் அடிமரம் என்று கருதுவது ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றிய இலைமட்டைகளின் அடுக்கேயாகும். மெய்யான தண்டு மண்ணுக்குள் கிழங்காய் இருக்கிறது. குலை தள்ளும் பருவத்தில்தான் அக்கிழங்கின் முனை மட்டைகளின் நடுவே மேலெழுந்து பூவாய் வெளிப்படும். நாம் சமைக்கும் வாழைத்தண்டு அதுவே. ஒரு வாழை ஒரே தார் ஈன்று மடியும். அதற்குள் கிழங்கின் பக்கங்களில் கன்றுகள் கிளைத்துவிடும். வாழையடி வாழையாய்க் குலம் தழைக்க என்று நம் முன்னோர் வாழ்த்தியது இதுபற்றியே. அவ்வாழ்த்தினுள் ஓர் எச்சரிக்கையும் அடங்கியிருக்கிறது. அதனைப் பின்னர்க் காண்போம்.

காட்டு வாழையின் பழத்தைக் கண்டவர் நம்முள் மிகச் சிலரே இருப்பர். அதை உரித்தால் மிளகுபோல் கரிய, கல்லொத்த விதைகள் நிறைந்திருக்கும். தின்னக்கூடிய சதை அவற்றைச் சுற்றிச் சிறிதே காணப்படும். அத்தகைய காட்டு வாழைகளுள் இரண்டு நம் தோட்டத்து வாழைகளுக்கு மூதாதைகள். ஒன்று மலேயா, இந்தோனேஷியத் தீவுகள், நியூகினி முதலிய ஈரமிக்க காடுகளில் வளர்ந்த 'அக்யுமினேட்டா' என்பது. மற்றொன்று இந்தியாவின் வடகிழக்குப் பகுதி முதல் பர்மா, தென்சீனம் வரை பரவி நின்ற 'பல்பிசியானா' என்பது. முன்னது இனிய சதைக்கும், பின்னது வறட்சியைப் பொறுக்கும் வன்மைக்கும் பெயர்பெற்றவை. நியூகினியின் மலைப்பகுதியில் குக் என்னும் சதுப்புநிலத்தை அகழ்ந்த ஆராய்ச்சியாளர்கள், ஏறக்குறைய ஏழாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே அங்கு மக்கள் மண்ணை மேடாக்கி வாழை நட்டனர் என்று கண்டிருக்கின்றனர். நெல்லைப்போல் வாழை மண்ணில் மணியை விட்டுச் செல்வதன்று. ஆகவே, வாழையிலையின் திசுக்களில் உண்டாகும் கண்ணுக்குத் தெரியாத மணற்சத்துத் துகள்களை மண்ணிலிருந்து பிரித்தெடுத்தே அவர்கள் இம்முடிவுக்கு வந்தனர்.

விதை குறைந்த பழத்தைத் தந்த வாழையின் கன்றையே மனிதர் தேடித் தேடி நட்டனர். தீவு விட்டுத் தீவு சென்றோர் அக்கன்றுகளையும் உடன்கொண்டு சென்றனர். சென்ற இடங்களில் மேற்கூறிய இரு மூதாதைகளும் கலந்தன. அக்கலப்புகள் சிலவற்றில் மரபுக்கூறுகள் இரட்டையாய் அமையாமல் மும்மடியாய் அமைந்துவிட்டன. மும்மடியானவை ஒழுங்காக விதை கட்டமாட்டா. மகரந்தம் சேராமலே காய் சதைப்பற்றுடன் பருக்கும் இயல்பும் அவற்றுக்கு உண்டு. பழத்தின் நடுவே வரிசையாகத் தோன்றும் கரும்புள்ளிகள், பிறவாமற்போன அவ்விதைகளின் அடையாளமேயன்றி வேறல்ல. ஒவ்வொரு வகையும் எந்த மூதாதையிடமிருந்து எத்தனை பங்கு பெற்றது என்று புற அடையாளங்களைக் கொண்டே கணிக்கும் முறையை 1955-ஆம் ஆண்டில் சிம்மண்ட்ஸ், ஷெப்பர்ட் என்னும் இரு தாவர நிபுணர்கள் வகுத்துக் கொடுத்தனர். அம்முறைப்படி நம் கடைத்தெருவிலுள்ள மோரிஸும் செவ்வாழையும் மூன்று பங்கும் அக்யுமினேட்டாவே. பூவன், இரஸ்தாளி, நேந்திரன், விருப்பாட்சி ஆகியவற்றில் இரண்டு பங்கு அக்யுமினேட்டா, ஒரு பங்கு பல்பிசியானா. கர்ப்பூரவல்லி, மொந்தன், பேயன் என்பவற்றிலோ பல்பிசியானாவே இரண்டு பங்கு. இக்கணக்கு ஏட்டுச் சுரைக்காய் அன்று. நம் கரையில் எதை நடலாம் என்பதற்கு இதுவே முதற் சான்று என்பதைச் சிறிது பொறுத்துக் காண்போம்.

வாழை நம் நாட்டுக்கு வந்த காலம் மிகப் பழையது. சங்க நூல்களிலேயே அது பேசப்படுகிறது. அமெரிக்கக் கண்டத்திற்கோ அது 1516-ஆம் ஆண்டில்தான் சென்றது. கானரித் தீவுகளிலிருந்து தொமாஸ் தெ பெர்லாங்கா என்னும் பாதிரியார் கன்றுகளைக் கப்பலேற்றிச் சென்றார் என்பர். இன்று உலகில் விளையும் வாழைப்பழத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு இந்தியாவினுடையது. வேறெந்த நாடும் அவ்வளவு விளைவிப்பதில்லை. அதில் மிகப் பெரும்பகுதியை நாமே உண்டுவிடுகிறோம்.

கன்றில் வரும் கேடு

விதையில்லாமை உண்பவர்க்கு நன்மை. பயிர் செய்பவர்க்கோ அதனால் ஒரு பெரிய அபாயம் உண்டு. விதையால் பிறக்கும் பயிரில் ஒரு செடி மற்றொன்றை அப்படியே ஒத்திராது. ஒன்றை அழிக்கும் நோய்க்கு இன்னொன்று தப்பும். வாழையில் அவ்வாறில்லை. ஒரு கிழங்கின் கன்று, அக்கன்றின் கன்று என்று நூறு தலைமுறை சென்றாலும் அது அதே செடிதான். ஓர் ஏக்கர் இரஸ்தாளி என்பது 889 செடிகளல்ல. 889 இடங்களில் நிற்கும் ஒரே செடி. அதைக் கொல்லும் நோய் ஒன்று மண்ணில் புகுந்தால் எதிர்த்து நிற்பதற்கு அங்கே வேறொருவர் இல்லை.

இதற்கு உலகறிந்த உதாரணம் ஒன்றுண்டு. மத்திய அமெரிக்க நாடுகள் மேல்நாடுகளுக்குக் கப்பல் கப்பலாக அனுப்பிவந்தது 'குரோ மிஷெல்' என்னும் ஒரே வகை. வேரின்வழி புகுந்து தண்டின் நீர்க்குழாய்களை அடைக்கும் பனாமா வாடல் நோய் அத்தோட்டங்களில் பரவிற்று. நோய்க்காளான் மண்ணிலேயே பல்லாண்டுகள் உறங்கிக் கிடக்க வல்லதாகையால், புதுக் காடுகளை அழித்து நடநட அங்கும் நோய் பின்தொடர்ந்தது. 1960-களுக்குள் குரோ மிஷெல் வியாபாரத்தினின்றே மறைந்தது. அதன் இடத்தைப் பிடித்தது காவெண்டிஷ் இனம். நம் மோரிஸ் இதனைச் சேர்ந்ததே. மொரீஷியஸ் தீவிலிருந்து வந்த கன்று ஒன்றை 1830-களில் இங்கிலாந்தின் சாட்ஸ்வர்த் மாளிகைத் தோட்டத்தில் ஜோசப் பாக்ஸ்டன் என்பார் கண்ணாடி வீட்டில் வளர்த்துக் குலை தள்ளச் செய்தார். மாளிகைக்கு உரியவரின் குடும்பப் பெயரே அவ்வாழைக்கு இடப்பட்டது. காவெண்டிஷ் அந்நோய்க்குத் தப்பியது என்று வியாபாரிகள் நிம்மதியடைந்தனர். பின்னர் அந்நோயிலேயே காவெண்டிஷையும் கொல்லும் புதுவகை ஒன்று கிழக்காசியாவில் தோன்றி, 2019-இல் தென்னமெரிக்காவின் கொலம்பியா வரை எட்டிவிட்டது. இந்தியாவிலும் பீகார் மாகாணத்தில் அது காணப்பட்டிருக்கிறது. பாடம் ஒருமுறை கற்பிக்கப்பட்டும் உலக வியாபாரிகள் மறுபடியும் ஒரே வகையையே நம்பினர் என்பது வருந்தத்தக்கது.

அவ்வளவு தூரம் போகவேண்டுவதில்லை. திண்டுக்கல் ஜில்லாவின் கீழ்ப்பழனி மலைகளிலும் சிறுமலையிலும் விளையும் மலைவாழை, பழனிப் பஞ்சாமிர்தத்திற்கு உரியதென்று மதிக்கப்படுவது. நீர் குறைந்து சதை கெட்டியாயிருப்பதால் அது பிசைந்து வைத்தாலும் எளிதில் கெடுவதில்லை. அம்மலைகளில் முடிக்கொத்து நோய் புகுந்து தோட்டங்களிற் பெரும்பகுதியை அழித்துவிட்டது. இது ஒருவகை நச்சுயிரால் வருவது. வாழை அசுவினி என்னும் சிறு பூச்சியாலும், நோயுற்ற தாயின் கன்றாலும் பரவுவது. அசுவினி பக்கத்துத் தோட்டத்திற்குத்தான் கொண்டுசெல்லும். ஒரு ஜில்லாவிலிருந்து மறு ஜில்லாவிற்கு நோயை லாரியில் ஏற்றிக் கொண்டுபோகிறவன் மனிதனே. பிற்காலத்தில் நோயற்ற திசுவைக் கண்ணாடிக் குழாயில் வளர்த்துக் கன்றாக்கி மலைகளில் மீண்டும் நடும் வேலையைத் திருச்சிராப்பள்ளி வாழை ஆராய்ச்சி மையமும் கோயமுத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகமும் மேற்கொண்டன. மலைவாழைக்கு 2008-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் குறியீடு கிடைத்ததனால் இழந்த தோட்டம் திரும்பிவிடவில்லை.

ஆகவே கன்று வாங்கும்போது அங்கத்தினர்கள் கவனிக்கவேண்டியவற்றைச் சற்று விரிவாகவே சொல்லுகிறோம். கன்றை மட்டும் பார்த்துப் பயனில்லை. அது நின்ற தோட்டத்தைப் பார்த்தல் வேண்டும். தாய்வாழைகளின் கீழிலைகள் மஞ்சளித்து, மட்டையோடு மடிந்து, தண்டைச் சுற்றிப் பாவாடைபோல் தொங்கினால் அது வாடல் நோய். கிழங்கைக் குறுக்கே வெட்டினால் செம்பழுப்பு வளையங்கள் தோன்றும். இலைகள் குறுகி, நிமிர்ந்து, உச்சியில் கொத்தாய் நெருங்கி, காம்பில் கரும்பச்சைக் கோடுகள் விட்டுவிட்டுத் தோன்றினால் அது முடிக்கொத்து. இவ்விரண்டில் எது ஒரு மரத்தில் காணப்பட்டாலும் அத்தோட்டத்துக் கன்று இனாமாய்க் கிடைத்தாலும் வேண்டா. நல்ல தோட்டத்திலும், அகன்ற இலைவிட்ட நீர்க்கன்றைத் தள்ளி, இலை ஈட்டிபோல் குறுகிய, மூன்று மாதம் வளர்ந்த, கிழங்கு ஒன்றரை முதல் இரண்டு கிலோ எடையுள்ள கன்றையே கொள்க. வேர்களையும் அழுகிய பாகத்தையும் சீவி, கிழங்கில் வண்டு துளைத்த துவாரம் உளதா என்று பார்த்தபின் நடுக. ஆய்வுக்கூடத்துத் திசுக்கன்றுகள் விலை மிகுந்தவை. ஆயினும் நச்சுயிர்ச் சோதனைச் சான்று உடையவை நோயற்றவை. சான்றில்லாத திசுக்கன்றோ, விலை மிகுந்த சாதாரணக் கன்றேயன்றி வேறில்லை. ஏழடிச் சதுரத்திற்கு ஒரு கன்றாக ஏக்கருக்கு 889 கன்றும், ஆறடியானால் 1,210 கன்றும் வேண்டும். கடன் மதிப்பிடுவோர் இக்கணக்கை விலைப்பட்டியலுடன் ஒப்பிட்டுப் பார்க்க.

நம் கரைக்கு ஏற்ற வகை

வடக்கே மரக்காணத்து உப்பளங்கள் முதல் தெற்கே புதுச்சேரி எல்லை வரையுள்ள நம் கரையில் நிலம் ஒரேவிதமாய் இல்லை. குயிலாப்பாளையம் செம்மண் மேட்டின்மேல் இருக்கிறது. மழைநீர் அம்மேட்டை அறுத்து ஓடைகளாகக் கடலை நோக்கிச் செல்லும். 1968-இல் ஆரோவில் நிறுவப்பட்டபின் இம்மேட்டில் வரப்பிட்டு மரம் நட்டதால் மண் அரிப்புப் பலவிடங்களில் அடங்கியிருக்கிறது. முந்திரிக்கு இம்மண் இயல்பாய் ஏற்றது. வாழைக்கு எருவும் நீரும் மனிதன் கொடுத்தாலன்றி ஏற்றதன்று. வாழை ஆண்டொன்றுக்குச் சுமார் 1,800 மில்லிமீட்டர் நீர் விரும்பும் பயிர். நம் மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களிலேயே கொட்டிவிடுகிறது. எஞ்சிய மாதங்களுக்குக் கிணறே கதி. அதுவும் கரையை நெருங்க நெருங்க, மிகுதியாய் இறைக்க இறைக்க, உவர் ஏறுவது.

வாழை உவர்ப்பைப் பொறாத பயிர்களுள் ஒன்று. முதலில் இலையின் ஓரம் மஞ்சளித்து, பின் நெருப்பில் வாட்டியதுபோல் கருகும், தார் சிறுக்கும். நாவில் வைத்து உப்பு என்று அறியத்தக்க நீர் பெரும்பாலும் வாழைக்கு மிஞ்சியது. ஆதலின் கடன் கேட்பதற்கு முன்னே கிணற்று நீரைச் சித்திரை, வைகாசி மாதங்களில் ஒரு புட்டியில் எடுத்து வேளாண்மை இலாகாவின் மண், நீர் பரிசோதனை நிலையத்தில் கொடுத்துப் பார்த்தல் அவசியம். மழைக்காலத்தில் எடுத்த நீர் நம்மை ஏமாற்றும். அளவில் உவர்ப்புச் சிறிதிருந்தால், பல்பிசியானாவின் பங்கு மிகுந்த கர்ப்பூரவல்லியோ மொந்தனோ தாக்குப்பிடிக்கும்; மோரிஸ் முதலில் வீழும். மேற்சொன்ன மூதாதைக் கணக்கின் பயன் இதுவே. உவர்ப்பு மிகுந்தால் எந்த வாழையும் வேண்டா.

கர்ப்பூரவல்லிக்கும் குறைகள் உள. நட்டு 14 முதல் 16 மாதம் கழித்தே தார் வெட்டலாம். கடன் தவணையை ஓராண்டுக்கு வைத்துக்கொண்டால் தொல்லை. வாடல் நோயும் அதனைத் தாக்கும். மொந்தன் காய்க்கு விற்பது. அதற்கும் வாடல் பயம் உண்டு. பூவன் ஏறக்குறைய ஓராண்டில் பலன் தருவது, வாடலைப் பொறுப்பது, பழத்துக்கும் இலைக்கும் விலைபோவது. நல்ல நீருள்ள மேட்டுத் தோட்டத்திற்கு அதுவே நடுநிலையானது என்பது நம் அபிப்பிராயம். இரஸ்தாளியின் சுவைக்கு நிகரில்லை என்பதை ஒப்புக்கொள்ளுகிறோம். ஆனால் அதைப்போல் வாடலுக்கு இரையாகும் வகையும் நம்மிடம் வேறில்லை. பழுத்தபின் சீப்பினின்று உதிர்ந்துவிடுவதால் தூரதேச வியாபாரத்திற்கும் ஆகாது. வீட்டுக் கொல்லையில் நாலு இரஸ்தாளி இருக்கட்டும். சங்கக் கடனில் ஓர் ஏக்கர் வேண்டா. நேந்திரன் எருவும் நீரும் மிகக் கேட்பது. குமரியின் மட்டி வாழை 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற இனிய பழம். அதை அம்மண்ணுக்கே விட்டுவிடலாம்.

இனிக் காற்று. 2011 டிசம்பர் 30-இல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறிய தானே புயலையும், 2024 நவம்பர் 30-இல் புதுச்சேரி அருகே கரையேறிய ஃபெஞ்சல் புயலையும் நம் அங்கத்தினர்களுக்கு நினைவூட்ட வேண்டுவதில்லை. வாழையின் வேர் ஆழம் செல்வதன்று. தார் சுமந்து நிற்கும் வாழை சிறு காற்றுக்கே சாயும். தை, மாசியில் நட்டால் புரட்டாசி, ஐப்பசியில் குலை தள்ளி, புயற்காலம் முழுவதும் பாரத்தோடு நிற்கும். ஆனி, ஆடியில் நட்டாலோ புயற்காலத்தில் கன்று நாலைந்து மாதத்துச் சிறு பருவத்தில் இருக்கும். தார் கோடையில் முதிரும். கோடையில் நீர் தட்டாமல் இருப்பவர்க்கு இதுவே உசிதம். நீரில்லாதவர்க்கு இது பொருந்தாது, அவர் வாழையையே யோசிக்கவேண்டும். நம் பக்கத்தில் சவுக்குத் தோப்புகள் மலிந்திருப்பதால் முட்டுக்கழிக்குக் குறைவில்லை. கழிச்செலவையும் பயிர்ச்செலவோடு சேர்த்தே கணக்கிடுக. பயிர்க் காப்பீட்டில் நம் வட்டாரத்து வாழை அவ்வாண்டுக்கு அறிவிக்கப்பட்டிருக்கிறதா என்பதை நடுவதற்கு முன்னரே சங்கத்தில் விசாரித்துக்கொள்ளல் நலம். புயலெச்சரிக்கை வந்தபின் விசாரிப்பதில் பிரயோஜனமில்லை.

ஆகாரப் பயன்

வாழைப்பழத்தைப்பற்றி வழங்கும் புகழுரைகளில் சில மெய், சில மிகை. தோல் நீக்கிய பழம் 100 கிராமில் ஏறக்குறைய முக்கால் பங்கு நீரே. எஞ்சியதில் 23 கிராம் அளவு மாவும் சர்க்கரையும். புரதம் ஒரு கிராமுக்குச் சற்று மேல். கொழுப்பு இல்லையென்றே கூறலாம். நார் இரண்டரை கிராம். சுமார் 90 கலோரி உஷ்ணம் கிடைக்கும். பொட்டாசியம் என்னும் உப்புச்சத்து ஏறக்குறைய 350 மில்லிகிராம். வளர்ந்தவர்க்கு ஒரு நாளில் வேண்டிய அளவில் அது பத்தில் ஒரு பங்கு. பி-6 என்னும் ஜீவசத்து ஐந்தில் ஒரு பங்கு அளவு கிடைக்கும். சி ஜீவசத்தோ சொற்பமே; அதற்குக் கொய்யாவும் நெல்லியும் பன்மடங்கு மேலானவை. செவ்வாழையிலும் நேந்திரனிலும் மஞ்சள் நிறத்தைத் தரும் கரோட்டின் மிகுதி; உடலில் அது கண்ணுக்கு வேண்டிய ஏ ஜீவசத்தாக மாறும்.

இரும்புச்சத்து மிகுந்தது என்று பலரும் சொல்லுவர், அது தவறு. பழத்தில் இரும்பு 100 கிராமுக்கு அரை மில்லிகிராமும் இராது. வாழைப்பூ நறுக்கும்போது கையும் கத்தியும் கறுப்பதைக் கண்டு, "இரும்பு இருப்பதால்தான்" என்று பெண்மக்கள் கருதுகின்றனர். பூவின் துவர்ப்புப் பொருள் காற்றுப்பட்டுக் கறுப்பதே காரணம். நறுக்கிய பூவை மோர் கலந்த நீரில் போடும் நம் வழக்கம் அக்கறுப்பைத் தடுப்பதற்கே. புளிப்பு அம்மாறுதலைத் தாமதப்படுத்துகிறது. இரத்தக்குறைவுள்ள கர்ப்பிணிகள் வாழைப்பழத்தை நம்பி ஆரம்பச் சுகாதார நிலையத்தில் தரும் இரும்பு மாத்திரையை நிறுத்திவிடுதல் கூடாது. பழத்தால் சளி பிடிக்கும் என்று குழந்தைகளுக்குக் கொடுக்க அஞ்சுவதற்கும் ஆதாரமில்லை. ஆறு மாதம் நிறைந்த குழந்தைக்குப் பழத்தை நன்றாய் மசித்துத் தாய்ப்பாலோடு கூடச் சேர்க்கலாம். கேரளத்தில் குன்னன் என்னும் வகைக் காயை உலர்த்தி மாவாக்கிக் கஞ்சி காய்ச்சிக் கொடுப்பது நெடுநாள் வழக்கம்.

காயாக இருக்கும்போது உள்ளதெல்லாம் மாவு; பழுக்கப் பழுக்க அம்மாவு சர்க்கரையாய் மாறிவிடும். காயின் மாவில் ஒரு பகுதி சிறுகுடலில் செரியாமல் பெருங்குடல் சென்று நார்போல் வேலை செய்வது. ஆகையால் நீரிழிவு உள்ளவர் மொந்தன் காயைப் பொரியலாகவோ கூட்டாகவோ அளவோடு உண்பதும், நன்றாகக் கனிந்த பழத்தைக் குறைப்பதும் தகும். தண்டும் பூவும் நார் மிகுந்தவை, மலச்சிக்கலுக்கு உதவுபவை. தண்டுச்சாறு சிறுநீரகக் கல்லைக் கரைக்கும் என்பதை மட்டும் நம்பி வைத்தியரைத் தவிர்த்தல் ஆபத்து.

உப்பளத்தில் வேலை செய்வோர்க்கு ஒரு வார்த்தை தனியே கூறவேண்டியிருக்கிறது. மரக்காணத்து வெயிலில் பாத்தி வாருகிறவர் உடலிலிருந்து வியர்வையாய் வெளியேறுவது முக்கியமாக நீரும் சோற்றுப்புமே. அவற்றை ஈடுசெய்வது உப்பிட்ட கஞ்சி, கூழ், மோர் ஆகியவையும் நிறைந்த குடிநீருமேயாகும். வாழைப்பழம் அவற்றோடு சேர்த்து உண்ணத்தக்கது, அவற்றுக்குப் பதிலாகாது. கூழோடு இரண்டு பூவன் பழம் என்பது வேலைக்காரர்க்கு மலிவும் நிறைவுமான காலை ஆகாரம். ஆனால், நெடுங்காலம் வெயிலில் போதிய நீரின்றி உழைப்போர்க்குச் சிறுநீரகம் பழுதடையும் அபாயம் உண்டு. சிறுநீரகம் பழுதடைந்தவர்க்கு இதே பழம் தீங்காகும். கழிக்கப்படாத பொட்டாசியம் இரத்தத்தில் தேங்கினால் இருதயத் துடிப்பையே கெடுக்கும். கால் வீக்கம், சிறுநீர் குறைதல் முதலிய குறிகள் உள்ளவர் இரத்தப் பரிசோதனை செய்து வைத்தியரைக் கேட்டபின்னரே வாழைப்பழமும் இளநீரும் கொள்க. "பழந்தானே, என்ன செய்யும்" என்று வீட்டார் வற்புறுத்துதல் வேண்டா.

பழுக்க வைக்கும் முறையைப்பற்றியும் கேட்கிறார்கள். முற்றிய காயைப் புகைமூட்டத்தில் வைப்பது நம் பழைய முறை. புகையிலுள்ள வாயுக்களும் வெப்பமும் காயைத் தூண்டிப் பழுக்கச் செய்கின்றன. கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைத்த பழத்தை விற்பது உணவுப் பாதுகாப்பு விதிகள், 2011-இன்படி தடுக்கப்பட்டது. அக்கல்லில் பாஷாணமும் எரிபாஸ்பரமும் சிறிதளவு கலந்திருக்கக்கூடும். எத்திலீன் வாயுவை உரிய அளவில் அறைகளில் செலுத்திப் பழுக்கவைப்பது அனுமதிக்கப்பட்டது. காய் தானே பழுக்கும்போது வெளியிடுவதும் அவ்வாயுவே. தோலின் நிறத்தைக் கொண்டு எல்லாம் அறிந்துவிடலாம் என்பது சரியன்று. மோரிஸ் நம்மூர் வெப்பத்தில் பழுத்தால் உள்ளே கனிந்தும் தோல் பச்சையாகவே இருக்கும். அதைக் காய் என்று தள்ளவேண்டா. கனிந்த பழத்தைக் குளிர்பெட்டியில் வைத்தால் தோல் கறுத்துப்போகும். உள்ளே சதை இரண்டொரு நாள் கெடாமல் இருக்கும். காயை அதில் வைத்தால் மட்டும் பின்பு சரிவரப் பழுக்காது.